அமிர்தவல்லியின் காலணா மச்சம்

ஏழு கடலும் ஏழு மலையும் தாண்டிப் போன ராஜகுமாரர்கள் கதை நம்மிடம் எத்தனையோ உண்டு. அவர்களுக்கு நேரம் நன்றாக இருந்தது; வழியில் செங்கற்பட்டு இல்லை. இது ஒரே ஒரு கடலைத் தாண்டுவதற்காக முதலில் செங்கற்பட்டைத் தாண்ட வேண்டியிருந்த ஒரு கைக்குழந்தையின் கதை. ரொம்ப நாளைக்கு முன்னே நடந்ததுமில்லை. எழுபத்தாறாம் வருஷம் ஐப்பசி மாதம், மழைக்கு நடுவில் ஆரம்பித்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம் ஒன்றில் பார்வதம் என்று ஒரு பெண் இருந்தாள். அவள் புருஷன் துரை குவைத்தில் ஒரு பெரிய மனிதரின் படகை ஓட்டிக்கொண்டிருந்தான். பெண்டாட்டி ஏழு மாதமாக இருக்கும்போது போனவன், பிறந்த பெண்ணை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. மாதம் ஒரு கடிதம் எழுதுவான். எல்லோருடைய சௌக்கியத்துக்கும் சேர்த்து ஒரு வரி. மீதி முழுக்க ஒரே கேள்வி: "பாப்பாவுக்கு மூக்கு யார் மாதிரி?"

மூக்கைப் பற்றி எவ்வளவுதான் எழுத முடியும்? பார்வதத்தின் அண்ணன் தணிகைவேல் சைக்கிளில் மீன் விற்கிறவன், ஆறாம் வகுப்பு வரை போனவன். அவன்தான் பதில் எழுதுவான். "மூக்கு நன்றாக மூச்சு விடுகிறது, கவலை வேண்டாம்" என்று எழுதிப் போட்டான்.

இப்படி இருக்கையில் குவைத்துப் பெரிய மனிதரின் வீட்டம்மா ஒருநாள் துரை வைத்த மீன் குழம்பைத் தொட்டுப் பார்த்தாள். "ஊரில் எல்லோரும் இப்படித்தான் வைப்பீர்களா?" என்று கேட்டாள். "என் சம்சாரம் வைக்கிற குழம்புக்கு முன்னால் இது கழுநீர்" என்றான் துரை. இரண்டே வாரத்தில் விமான டிக்கெட் வந்துவிட்டது. பார்வதத்துக்கு ஒன்று, மடியில் உட்காரும் குழந்தைக்கு ஒன்று. பங்குனி பத்தாம் தேதி. அன்றைக்கு வராவிட்டால் வேறு சமையல்காரியைப் பார்த்துக்கொள்வேன் என்று வீட்டம்மா சொல்லிவிட்டாளாம்.

பார்வதத்துக்குப் பாஸ்போர்ட் வந்தது. குழந்தையின் பெயரை அதில் ஏற்ற ஒரு சான்று வேண்டும், அதைச் செங்கற்பட்டில்தான் தருவார்கள் என்றார்கள்.

செங்கற்பட்டில் ரயில் நிலையத்துக்குப் பின்னால், அரிசி மில்லை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில், 'வான்வழிப் பயணச் சிறார் அடையாளச் சான்றுத் தனிப்பிரிவு' என்று ஒரு அலுவலகம் இருந்தது. அதற்கு முன்னால் அது வெட்டுக்கிளி ஒழிப்புத் தனிப்பிரிவாக இருந்தது. ஆறு வருஷம் காத்திருந்தும் ஒரு வெட்டுக்கிளி கூட ஒத்துழைக்கவில்லை. ஆளைக் குறைக்கலாமா என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தபோது யாரோ ஒரு நல்லவர் குறிப்பு எழுதினார்: 'வெட்டுக்கிளிகள் பறப்பன. மேற்படி குழந்தைகளும் பறக்க இருப்பன. ஆகவே அனுபவமுள்ள ஊழியர்களை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம்.'

அதனால் பலகை மட்டும் மாறியது. மேஜை, நாற்காலி, தனி அலுவலர் ராமானுஜம், அவருக்கு உதவியாளர் பக்தவச்சலம் எல்லாம் பழையபடியே. ராமானுஜத்தின் மேஜையில் சீசாவுக்குள் ஒரு செத்த வெட்டுக்கிளியும் இருந்தது. காகிதம் பறக்காமல் இருக்க அதைத்தான் வைப்பார்.

பார்வதமும் தணிகைவேலும் போன அன்று, 'பேச்சைக் குறை, உழைப்பைப் பெருக்கு' என்ற பலகைக்குக் கீழே பக்தவச்சலம் உட்கார்ந்திருந்தார். முதல் பாதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர். கையை மட்டும் நீட்டினார். பார்வதம் குழந்தையின் ஃபோட்டோவைக் கொடுத்தாள். குழந்தை அவள் தோளில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"பேரு?"

"பார்வதம் சார்."

"உன் பேரு இல்ல. பறக்கிறவங்க பேரு."

"அமிர்தவல்லி. அஞ்சு மாசம்."

பக்தவச்சலம் ஒரு படிவத்தை எடுத்தார். பழைய பிரிவின் படிவங்கள் நாலு மூட்டை மிச்சமிருந்தன. அரசாங்கக் காகிதத்தை வீணாக்குவது குற்றம்.

"தனியா பறக்குமா, கூட்டமா பறக்குமா?"

பார்வதம் அண்ணனைப் பார்த்தாள். "என் மடியில குந்திகினு பறக்கும் சார்."

"அப்ப கூட்டம்." எழுதினார். "எந்தத் திசையிலேர்ந்து வருது?"

"எங்க வூட்டாண்டேர்ந்துதான்."

"கிழக்கு. பயிர்களுக்குச் சேதம் உண்டா?"

"இன்னா சார் கேக்கிற நீ?" என்றான் தணிகைவேல்.

"கேள்வி கேக்கிறது நான் இல்லப்பா, படிவம். இலை தழை எதுனா துன்னுதா?"

"தாய்ப்பால்தான் சார்," என்றாள் பார்வதம். பொய் சொல்லக்கூடாதென்று தோன்றியது. "ஒரு தபா கீரைத் தண்ணி வாயில வெச்சேன். துப்பிடுச்சி."

'கீரை. சிறிதளவு. உட்கொள்ளவில்லை' என்று எழுதினார் பக்தவச்சலம். கடைசிக் கட்டத்துக்கு வந்தார். "அங்க அடையாளம்."

"பாருங்க சார்," என்று பார்வதம் தோளிலிருந்த குழந்தையைத் திருப்பப் போனாள்.

"குழந்த எதுக்கும்மா? அதான் ஃபோட்டோ கீதே."

ஃபோட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கண்ணேறு படாமல் குழந்தையின் கன்னத்தில் மைப் பொட்டு வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் ஃபோட்டோ என்றதும் பார்வதம் யோசித்தாள். நேரில் பார்க்கிறவன் ஒருதரம் பார்த்துவிட்டுப் போய்விடுவான். ஃபோட்டோவைக் கையில் வைத்திருப்பவன் உட்கார்ந்து உட்கார்ந்து பார்ப்பான். அதுவும் சர்க்கார் ஆட்கள், எத்தனை பேர் பார்ப்பார்களோ. அதனால் வசம்பைச் சுட்டு எண்ணெயில் குழைத்து, பழைய காலணா அகலத்துக்கு ஒரு பொட்டு வைத்துத்தான் படம் எடுக்க விட்டாள்.

பக்தவச்சலம் எழுதினார்: 'இடது கன்னத்தில் காலணா அளவு கரு மச்சம்.'

பார்வதத்துக்குப் படிக்கத் தெரியாது. தணிகைவேலுக்குத் தெரியும், ஆனால் அவன் அப்போது சீசாவிலிருந்த வெட்டுக்கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தை மாதம் நேர்முகப் பரிசோதனைக்கு ஓலை வந்தது. பார்வதம் விடியற்காலையில் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றினாள். பெரிய அதிகாரி பார்க்கப் போகிற முகம். மையும் கியும் அப்பிக்கொண்டு போனால் மரியாதையாக இருக்காது என்று துடைத்துச் சுத்தமாக்கித் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் ஏறினாள்.

ராமானுஜம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் பதிவேட்டைப் பார்த்தார். பிறகு ஃபோட்டோவைப் பார்த்தார். கடைசியில், வேறு வழியில்லாததால், குழந்தையைப் பார்த்தார்.

"மச்சம் எங்கே?"

"இன்னா மச்சம் சார்?"

"இடது கன்னத்தில், காலணா அளவு. பதிவேட்டில் இருக்கிறது."

தணிகைவேல் எட்டிப் படித்துப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டான். "அய்ய, அது பொட்டு சார்! கண்ணு படாம இருக்க வெச்சது!"

"வெச்சிட்டா போச்சு," என்று பார்வதம் முந்தானையிலிருந்து மைக் கொட்டாங்கச்சியை எடுத்து ஒரு பொட்டு வைத்தாள். ராமானுஜத்தின் முகம் மலர்ந்தது. ஃபோட்டோவையும் கன்னத்தையும் ஒப்பிட்டார். பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அமிர்தவல்லி அம்மாவின் ரவிக்கையில் கன்னத்தைத் தேய்த்தாள். மை காதுவரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

ராமானுஜம் பேனாவை மூடினார்.

"மச்சம் என்பது நிலையான அடையாளம். நிலையில்லாதது மச்சம் ஆகாது. இந்தக் கன்னத்தில் மச்சம் இல்லை. விண்ணப்பதாரர் அமிர்தவல்லிக்கு மச்சம் உண்டு. ஆகவே இது வேறு குழந்தை."

"பெத்தவ நான் சொல்றேன் சார், இதான் அமிர்தவல்லி!"

"பதிவேடு அப்படிச் சொல்லவில்லையே அம்மா."

"அப்ப என் கொயந்த எங்க சார்?"

ராமானுஜம் இரக்கமுள்ளவர். குரலைத் தாழ்த்தினார். "காணவில்லை என்றால் முதலில் போலீசில் புகார் கொடுங்கள். தாமதிக்கக் கூடாது."

தணிகைவேல் பக்தவச்சலத்தின் பக்கம் திரும்பினான். "அண்ணாத்த, மச்சம்ன்றத அடிச்சிட்டு பொட்டுன்னு எழுதிடேன். ரெண்டு எழுத்து."

"அடித்தல் திருத்தல் செல்லாதுப்பா. திருத்தணும்னா தப்பு நடந்ததுன்னு ஆவும். தப்பு நடந்ததுன்னா யாரு செஞ்சதுன்னு விளக்கம் கேப்பாங்க. விளக்கம் கேட்டா நான் பதில் எழுதணும்."

"எழுதினது நீதானே?"

"எழுதினது பேனா. நான் புடிச்சிகினு இருந்தேன்."

ராமானுஜம் ஆணையிட்டார்: பங்குனி முதல் செவ்வாய்க்கிழமை மறு பரிசோதனை. அன்று தனி அலுவலர் முன்னிலையில் ஈரத்துணியால் மூன்று முறை துடைக்கப்படும். மச்சம் அழியாவிட்டால் சான்று. அழிந்துவிட்டால் கோப்பு மூடப்படும்.

மாசியும் முடிந்தது. துரையிடமிருந்து கடிதம் வந்தது. 'ஃபோட்டோ கிடைத்தது. பொட்டு பெரிதாக இருப்பதால் மூக்கு சரியாகத் தெரியவில்லை. பரவாயில்லை, பத்தாம் தேதி நேரில் பார்த்துக்கொள்கிறேன்.' தணிகைவேல் படித்து முடித்ததும் பார்வதம், இன்னொருதரம் படி என்றாள்.

பரிசோதனைக்கு முந்தின நாள் பார்வதம் குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு செங்கற்பட்டுக்குப் போனாள். கொஞ்சம் கெஞ்சிப் பார்க்கலாம் என்றுதான். ராமானுஜம் விடுப்பு. பக்தவச்சலம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பலகையின் உத்தரவை மீறி நீளமாகப் பேசினார்.

"த பாரும்மா. ரயில்வே கேட்டாண்ட பூவாயின்னு ஒருத்தி பச்ச குத்திகினு இருப்பா. குழந்த கன்னத்துல ஒரே ஒரு வட்டம் போட்டுக்கோ. நாளைக்கு எவ்ளோ தொடச்சாலும் போவாது. உன் பேஜாரும் தீரும், என் பேஜாரும் தீரும்."

பார்வதம் போனாள். பூவாயி ஊசியைத் துடைத்து, பச்சை மையைக் குழைத்து, "கைய நீட்டு" என்றாள்.

"எனக்கில்ல. கொயந்தைக்கு. கன்னத்துல."

பூவாயி குழந்தையைப் பார்த்தாள். குழந்தை பூவாயியின் பாசிமணியைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

"யாரு சொன்னா?"

"ஆபீசுல."

"ஆபீசு கன்னத்த இட்டுகினு வா, குத்தறேன். இது நாளைக்கிப் பெரியவளாயி கண்ணாடி பாக்கும்ல? அப்ப செங்கப்பட்டையா திட்டும்? உன்னியத்தான் திட்டும்."

பார்வதம் எழுந்தாள். ஒரு பக்கம் இன்னும் பார்க்காத அப்பன்; ஒரு பக்கம் இந்தக் கன்னம். குழந்தையின் கன்னத்தைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அழுதுகொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு அழுகிற அம்மாவைப் பிடிக்கவில்லை. கைக்கு எட்டியதை எல்லாம் இழுத்தது. மடியிலிருந்த பையிலிருந்து தன்னுடைய ஃபோட்டோவின் இன்னொரு பிரதியை எடுத்து வாயில் வைத்தது. குடித்த பாலை அதன் மேலேயே கக்கியது. பார்வதம் படத்தைப் பிடுங்கி முந்தானையால் துடைத்தாள். முகத்தைத் துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள், பொட்டை அழுத்தித் துடைத்தாள்.

பொட்டு போகவில்லை.

பஸ் திருக்கழுக்குன்றத்தை நெருங்கும்போது அவள் தனக்குள் சிரிக்கிறதைப் பார்த்து, பக்கத்து சீட்டுக்காரம்மா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர், ஒரு கதர்த் துண்டு. ராமானுஜம் நின்றுகொண்டிருந்தார். பக்தவச்சலம் துண்டை நனைத்துப் பிழிந்தார். அமிர்தவல்லி கன்னத்தில் புதுப் பொட்டோடு அம்மாவின் இடுப்பில் இருந்தாள்.

"கொண்டாம்மா குழந்தையை."

"எதுக்கு சார்?" என்றாள் பார்வதம். "அதான் ஃபோட்டோ கீதே."

பக்தவச்சலத்துக்கு இந்த வாக்கியத்தை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது.

"மச்சத்த எதப் பாத்து சார் எழுதினீங்க? கொயந்தயப் பாத்தா, ஃபோட்டோவப் பாத்தா?"

"ஃபோட்டோவைப் பார்த்து," என்றார் ராமானுஜம். பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது.

"அப்ப சந்தேகம் வந்த மச்சம் ஃபோட்டோவுல கீற மச்சம்தானே? அதத் தொடச்சிப் பாருங்க. இத ஏன் தொடைக்கணும்? இதுக்குத்தான் மச்சமே இல்லன்னு நீங்களே சொல்லிட்டீங்களே."

ராமானுஜம் உட்கார்ந்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். 'பதிவு எந்த ஆதாரத்தினின்று பெறப்பட்டதோ அந்த ஆதாரமே பரிசோதனைக்கு உரியது' என்று வெட்டுக்கிளி முட்டைகளைப் பற்றி எழுதிய ஒரு விதி அகப்பட்டது. அவர் முகத்தில், வெகுநாள் கழித்துத் தன் விதிப்புத்தகம் உதவிவிட்ட மனிதனின் நிம்மதி தெரிந்தது.

ஃபோட்டோவை மேஜையில் வைத்தார்கள். பக்தவச்சலம் ஒருமுறை துடைத்தார். இரண்டாம் முறை துடைத்தார். மூன்றாம் முறை ராமானுஜமே துண்டை வாங்கி அழுத்தித் துடைத்தார். பிறகு எழுதினார்: 'தனி அலுவலர் முன்னிலையில் மூன்று முறை ஈரத்துணியால் துடைத்தும் மச்சம் அழியவில்லை. நிலையானது. ஆட்சேபணை இல்லை.'

அந்தப் பிரிவு ஆரம்பித்த நாளிலிருந்து ஆட்சேபணை இல்லாமல் முடிந்த முதல் கோப்பு அதுதான். பக்தவச்சலம் அதற்கு மஞ்சள் கயிறு கட்டினார்.

பங்குனி பத்தாம் தேதி மீனம்பாக்கத்துக்கு ஒரு வேன் நிறையக் குப்பமே வந்தது. பார்வதம் மாலையும் கழுத்துமாக விமானம் ஏறினாள். பம்பாயில் இறங்கிப் பெரிய விமானம் மாறினாள். சான்றில் கண்டபடி காலணா அளவுப் பொட்டைக் காலையிலேயே வைத்திருந்தாள். பார்த்தவர்கள் எல்லோரும் காகிதத்தைப் பார்த்தார்கள், கன்னத்தைப் பார்த்தார்கள், போ என்றார்கள்.

விமானம் கிளம்பியதும் குழந்தை வீறிட்டது. காதடைப்பு என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. சுற்றியிருந்தவர்களுக்குச் சொல்லத் தெரிந்தவை நிறைய இருந்தன. பசி என்றார் ஒருவர். வயிற்று வலி என்றாள் ஒருத்தி. சஃபாரி சூட் போட்ட ஒரு கனவான், இப்படிப்பட்டவர்களை எல்லாம் விமானத்தில் ஏற்றினால் நாடு எப்படி முன்னேறும் என்று பொதுவாகக் கேட்டுவிட்டுக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். பார்வதம் மாராப்புக்குள் குழந்தையை விட்டாள். பால் குடிக்க ஆரம்பித்ததும் காது திறந்து சத்தம் நின்றது. நாடும் ஒருவாறு முன்னேறியது.

பணிப்பெண்ணாக வந்தவள் ஒரு சென்னைப் பெண். "அச்சோ, பாப்பா மூஞ்சியெல்லாம் பால்" என்று வாசனைத் துண்டால் குழந்தையின் முகத்தைத் துடைத்தாள். ஒரே இழுப்பு. செங்கற்பட்டு ஐந்து மாதம் காப்பாற்றிய மச்சம் துண்டோடு போய்விட்டது.

பார்வதத்துக்கு உயிரே போனது. மைக் கொட்டாங்கச்சி பெட்டியில். பெட்டி விமானத்தின் வயிற்றில். "யம்மா, அது இல்லன்னா இது என் கொயந்தையே இல்லன்னுடுவாங்கம்மா!" என்று காகிதத்தை எடுத்துக் காட்டினாள். பணிப்பெண் படித்தாள். படித்துவிட்டு, சிரிப்பு வந்ததால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் இடது கன்னத்தில் அழகாக ஒரு மச்சம் இருந்தது.

"உனக்குக் கூட கீதே," என்றாள் பார்வதம் ஏக்கத்தோடு.

"இது பென்சிலும்மா. இப்ப இதுதான் ஃபேஷன். டெய்லி காலைல வெச்சுக்குவேன்." புருவம் எழுதும் பென்சிலை எடுத்து அமிர்தவல்லியின் கன்னத்தில் காலணா அளவுக்கு வட்டமாகத் தீட்டிவிட்டாள். "உங்க ஊர்ல இதுக்கு சர்டிபிகேட்டே தராங்களா? எங்களுக்கு யாரும் தரலியே."

குவைத்தில் முத்திரை குத்துகிறவர் குழந்தையைப் பார்க்கவேயில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டே குத்தினார். வெளியே துரை நின்றான். குழந்தையை வாங்கினான். எச்சிலால் விரலை நனைத்து அந்தக் காலணா வட்டத்தைத் துடைத்துவிட்டு, பத்து மாதமாகத் தெரியாத மூக்கை வெகுநேரம் பார்த்தான்.

"என் அம்மா மூக்கு," என்றான்.

கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மஞ்சள் கயிறு கட்டிய கோப்பு சும்மா இருக்குமா?

இரண்டு வருஷம் கழித்து, எழுபத்தொன்பதில், பார்வதம் மகளோடு லீவில் ஊருக்கு வந்தாள். திரும்பிப் போகப் புது ஃபோட்டோ ஒட்ட வேண்டும். சான்றிலிருந்து அந்த மச்சத்தையும் எடுத்துவிடச் சொல்லலாம் என்று செங்கற்பட்டுக்குப் போனாள். பிரிவு இப்போது பெரியவர்களுக்கும் சான்று கொடுத்தது. வாசலில் ஐம்பது அறுபது பேர் வரிசை. எல்லோரும் இளவட்டம். தரையைப் பெருக்குகிற பெல்பாட்டம், முயல் காது மாதிரிச் சட்டைக் காலர், கறுப்புக் கண்ணாடி. அத்தனை பேர் இடது கன்னத்திலும் காலணா அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம்.

வாசலோரம் தணிகைவேல் கூடை போட்டு உட்கார்ந்திருந்தான். கூடையில் மீன் இல்லை. சின்னச் சின்ன டப்பா. அவன் கன்னத்திலும் வட்டம்.

"இன்னாண்ணா இது கண்ராவி?"

"கொவைத் மை. ஆபீசுலேர்ந்து சர்க்குலர் வந்துச்சு தெரியாதா? ஆட்சேபணை இல்லாம முடிஞ்ச ஒரே கோப்புல மச்சம் கீது, அதனால அதான் முன்மாதிரின்னு. மச்சம் இல்லன்னா உள்ளயே வுட மாட்டாங்க. எல்லாம் உன் பொண்ணு புண்ணியம்."

உள்ளே போனாள். பக்தவச்சலம் எழுந்து நின்று கும்பிட்டார்; பார்வதத்தை அல்ல, குழந்தையை. அவர் கன்னத்தில் ஒரு வட்டம். ராமானுஜத்தின் கன்னத்திலும் ஒரு வட்டம்.

"நானும் விண்ணப்பித்திருக்கிறேன்," என்றார் ராமானுஜம், கொஞ்சம் வெட்கத்தோடு. "குவைத்தில் வெட்டுக்கிளி நிஜமாகவே வருகிறதாம்." பிறகு குழந்தையைத் தன் மேஜையில் உட்கார்த்திவைத்து, "இதுவா அந்தக் குழந்தை! மச்சம் எங்கே?" என்றார்.

அமிர்தவல்லிக்கு வயது மூன்று நெருங்கியிருந்தது. அப்பனிடம் கற்ற ஒரு வழக்கம் அதற்கு உண்டு. விரலை வாயில் நனைத்தது. எதிரே குனிந்த முகத்தில் ஒரே தேய்ப்புத் தேய்த்தது. மை ராமானுஜத்தின் காதுவரைக்கும் போனது.

பக்தவச்சலம் மெல்லப் பதிவேட்டைத் திறந்து, ராமானுஜத்தின் ஃபோட்டோவைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். விதி என்றால் விதிதான்.

"நிலையில்லாதது மச்சம் ஆவாது," என்றார் தயங்கித் தயங்கி. "அப்ப... நீங்க யாரு சார்?"

"பக்தவச்சலம்! நான்தானய்யா!"

"பதிவேடு அப்படிச் சொல்லலியே சார். எங்க ராமானுஜம் சார் எங்க?"

பார்வதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். குரலைத் தாழ்த்தி, "காணோம்னா மொதல்ல போலீசுல சொல்லுங்க சார். லேட் பண்ணக் கூடாது," என்றாள்.

தனி அலுவலரைக் காணாததால் அன்றைக்குச் சான்று கிடையாது என்று பக்தவச்சலம் வாசலில் வந்து அறிவித்தார். அமிர்தவல்லி வெளியே வந்ததும் அறுபது பேரும் கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வழி விட்டார்கள். அத்தனை கண்ணும் குழந்தையின் மேல். குவைத்துத் தண்ணீரில் வளர்ந்த குழந்தை, பளபளவென்று இருந்தது. பத்து அடி போவதற்குள் பார்வதம் நின்றுவிட்டாள். அப்பப்பா, எத்தனை கண்! அண்ணன் கூடையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். குழந்தை இடது இடுப்பில் இருந்ததால், கைக்கு எட்டிய வலது கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள். வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள்.

வரிசையில் முதலில் நின்றவன்தான் கவனித்தான்.

"டேய், ரைட்டுடா! ரைட் சைடுக்கு மாத்திட்டாங்கடா!"

அறுபது கைக்குட்டைகள் வெளியே வந்தன. அறுபது இடது கன்னங்கள் துடைக்கப்பட்டன. தணிகைவேல் கூடை கால் மணி நேரத்தில் அநேகமாகக் காலி. கூட்டம் கலைந்து பக்தவச்சலமும் பூட்டிக்கொண்டு போன பிறகு, மில் சுவரோரத்திலிருந்து ஒருவர் வந்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கூடையின் அடியில் மிச்சமிருந்த ஒரே டப்பாவைக் கேட்டு வாங்கினார். வலது கன்னத்தில் காலணா அளவுக்கு ஒன்று வைத்துக்கொண்டு, "சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார்.

"சூப்பரா கீது சார்," என்றான் தணிகைவேல், காலிக் கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டே. "ஆமா, நீங்க யாரு சார்?"

ராமானுஜம் டப்பாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கன்னத்தை எதிலும் படாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்து போனார்.